பிள்ளையை வளர்ப்பவருக்கும் படிவத்தில் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி. தொடக்கப்பள்ளி அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்று இப்போது சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கிறேன். குடும்பம், பிள்ளை வளர்ப்பு என்று கட்டுரை வரும்போது பக்கத்தில் ஒரு படமும் வரும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், சில நேரம் சோபா ஓரத்தில் ஒரு பாட்டி. பள்ளி முகப்பில் உட்கார்ந்து வேலை பார்த்த எனக்கு அந்தப் படத்தில் பாதிப்பேரைக் காணோமே என்று தோன்றும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற பெரியம்மாக்கள், அத்தைகள், கல்யாணமாகாத அக்காக்கள், எதிர்வீட்டு மலாய்க்கார மாமிகள் எல்லாரும் எங்கே போனார்கள்? பள்ளிப் படிவத்திலும் அவர்களுக்கு இடம் இல்லை.

இப்போது என்னை எழுத வைத்தது ஒரு புத்தகம். என் அக்காவின் பேத்தி பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிறாள். பாடத்துக்காக ஜேனட் கார்ஸ்டன் என்பவருடைய நூலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மானுடவியலாளர். 1980களின் தொடக்கத்தில் மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போய், ஒரு மீனவக் கிராமத்தில், மலாய்க் குடும்பம் ஒன்றில் வளர்ப்பு மகளைப்போலத் தங்கியிருந்தார். அங்கே கண்டதை வைத்து எழுதிய நூல் 1997இல் வந்தது. சுற்றுலாவுக்கு நாம் போய்க் கேபிள் காரில் ஏறிவிட்டு வரும் அதே லங்காவிதான்.

அவர் கவனித்தது அடுப்பை. ஒரு வீட்டில் எத்தனை தம்பதிகள் இருந்தாலும் அடுப்பு ஒன்றுதான். அந்த அடுப்பில் வெந்த சோற்றைச் சேர்ந்து தின்று வளர்ந்தவர்கள் நாளடைவில் ரத்த உறவாகவே ஆகிவிடுகிறார்கள் என்பது அந்த ஊர் மக்களின் எண்ணம். உடம்பில் ஓடும் ரத்தமே தின்ற சோற்றிலிருந்து ஊறியதுதானே! ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் வேறுவேறு வயிற்றில் பிறந்திருந்தாலும் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ வளர்வதை அங்கே யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. யாருக்கு யார் பிறந்தார், யாரை யார் கட்டினார் என்று கோடு போட்டு உறவை ஆராய்ந்துகொண்டிருந்த துறையில், உறவு என்பது தினமும் செய்யப்படுகிற ஒன்று, அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சமையற்கட்டில் நிற்கும் பெண்கள் என்று எடுத்துச் சொன்னவர்களில் கார்ஸ்டன் முக்கியமானவர்.

பேத்தி இதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "இதைக் கண்டுபிடிக்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்தாங்களா? நம்ம வீட்டுக்கு வந்திருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள்.

அக்கா சொல்வதில் நியாயம் உண்டு. அவள் சீனப் பெண். 1950ஆம் ஆண்டு, சீனர் கணக்கில் புலி ஆண்டு, சோங் பாங் கிராமத்தில் பிறந்தவள். புலி ஆண்டில் பெண் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது, கட்டிக்கொடுப்பதும் கஷ்டம் என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது. அதற்கு முன்பே நிறையப் பிள்ளைகள், வறுமை வேறு. என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். நாங்கள் தளத்துக் குடியிருப்பில் இருந்தோம். கல்யாணமாகிச் சில ஆண்டுகள் ஆகியும் அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. கிராமத்தில் காய்கறி விற்கும் சீனப் பெண்மணி ஒருவர் நடுவில் நின்று பேசி, ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாராம். இப்படி அந்தக் காலத்துத் தமிழ் வீடுகளுக்கும் மலாய் வீடுகளுக்கும் வந்த சீனப் பெண்கள் பலர். இன்று அவர்களில் பலருக்கு எழுபது, எண்பது வயது. புடவை கட்டி, பொட்டு வைத்து, கோவிலில் நம் பக்கத்தில் நிற்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய ஆட்கள் பார்ப்பதில்லை.

அவள் வந்த அதே ஆண்டு டிசம்பரில்தான் மரியா ஹெர்டோக் கலவரம். இளையோருக்குப் பள்ளிப் பாடத்தில் இரண்டு பத்தியாகத் தெரிந்திருக்கும். ஜப்பானியர் காலத்தில், 1942இல், ஜாவாவில் டச்சுக் குடும்பம் ஒன்றின் பெண் பிள்ளை அமீனா என்ற மலாய்ப் பெண்ணிடம் வந்து சேர்ந்தாள். போர் முடிந்த பிறகு பெற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, பிள்ளை பெற்றவர்களுக்கே என்று தீர்ப்பானது. அதன் பின்னால் மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டார்கள், 173 பேர் காயமடைந்தார்கள். மதம், வெள்ளைக்காரர் ஆட்சி, செய்தித்தாளில் வந்த படங்கள் என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் என் அம்மாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: வளர்த்தவளிடமிருந்து பிள்ளையைக் கோர்ட்டு பிடுங்கிக் கொடுத்துவிடும். எங்கள் வீட்டிலோ தத்தெடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. 1939இலேயே இங்கே தத்தெடுப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் கோர்ட்டுக்குப் போக அப்பாவுக்குப் பயம், அம்மாவுக்கு அதைவிடப் பயம். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பெற்றவளுக்கு ஒரு பேச்சு இருந்ததாம். கலவரத்துக்கு அடுத்த புத்தாண்டில் அவள் வந்தபோது அம்மா கதவையே திறக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் உள்ளே விட்டாள். முறுக்கு கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு நானும் தம்பிகளும் வரிசையாகப் பிறந்தோம். அக்கா வந்த ராசி என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். புலி ஆண்டுக்கு இப்படியும் ஒரு பலன்!

இதுவரை படித்தால் மனசுக்கு இதமாகத்தான் இருக்கும். கார்ஸ்டனின் நூலும் அப்படித்தான் இருக்கிறது, ரொம்பவே இதமாக. எனக்கு அதில் ஒரு குறை. ஒரே அடுப்புச் சோறு உறவை உண்டாக்கும், சரி. அடுப்பின் முன்னால் யார் நின்றது? எங்கள் வீட்டில் அக்காதான். தொடக்கப்பள்ளியோடு அவள் படிப்பு நின்றது. கடைசித் தம்பி பிறந்த சமயம், அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை. தம்பிக்குப் பால் கலக்கி, எங்களுக்குத் தலைவாரி, தகரப் பெட்டியில் புத்தகத்தை அடுக்கிக் கொடுத்து அனுப்பியது அவள்தான். நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன், தட்டச்சு படித்தேன், அரசாங்க வேலைக்கு வந்தேன். வீட்டுக்கு மூத்த பெண் யாராக இருந்தாலும் அந்தக் காலத்தில் இதே கதிதான் என்று என் தம்பி வாதாடுவான். இருக்கலாம். ஆனால் மூத்த பெண் அம்மா வயிற்றில் பிறந்தவளாக இருந்து, இரண்டாவது பெண் துண்டில் சுற்றி வந்தவளாக இருந்திருந்தால், யாரைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருப்பார்கள் என்று கேட்டால் அவனும் பேசாமல் இருப்பான். அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டால் "அடுப்புல இருக்கறத பாரு, அடிப்பிடிக்குது" என்பாள்.

எங்கள் வீட்டிலாவது அவள் மகள். வேலைக்கென்றே பிள்ளைகளை வாங்கி வைத்திருந்த வீடுகள் ஊரில் இருந்தன. அப்படி வாங்கப்பட்ட சீனச் சிறுமிகளை முய் சாய் என்பார்கள். 1932இல் ஆங்கில அரசாங்கம் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சோறு போட்டதற்குக் கணக்கு எழுதி வேலை வாங்குவதும் ஒரே கூரைக்குக் கீழேதான் நடந்தது. ஆகவே சட்டமும் படிவமும் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதை நான் மறுக்க மாட்டேன்; நானே படிவத்தோடு வாழ்ந்தவள்.

ஆனால் கண்டிப்பு எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். அப்பா 1989இல் காலமானார். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு யார் பெயரையும் நியமிக்கவில்லை, உயிலும் இல்லை. அப்படியானால் 1967ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளை என்றால் முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை, அல்லது நீதிமன்ற ஆணையோடு தத்தெடுத்த பிள்ளை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு நாங்கள் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அக்காவின் சான்றிதழைப் பார்த்துவிட்டு முகப்பிலிருந்த இளைஞர் மரியாதையாகவே அதை மட்டும் தனியாக எடுத்து எங்கள் பக்கம் தள்ளி வைத்தார். கடைசி மாதங்களில் அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவளின் சான்றிதழ் அது. பணத்தை நாங்கள் எங்களுக்குள் சமமாகப் பிரித்துக்கொண்டோம், அதில் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை வந்திருந்தால் அவளுக்கு ஒரு காசு கிடைத்திருக்காது.

இனி பள்ளி முகப்புக்கு வருகிறேன். பிள்ளைகளின் அடையாளம் தெரியாதபடி சொல்ல வேண்டியிருப்பதால் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒரு பையன், மூன்றாம் வகுப்பு. அப்பா சிறையில், அம்மா வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டு போய்விட்டார். பெரியம்மா வைத்து வளர்த்தார். ஓரறை வாடகை வீடு, துப்புரவு வேலை. பள்ளியில் ஜோகூருக்கு ஒரு நாள் பயணம் ஏற்பாடானது. படிவத்தில் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். பெரியம்மா இரண்டும் இல்லை. நான் அதை விளக்கியபோது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவன் அப்பாகிட்ட கையெழுத்து வாங்க நானும் உள்ள போகணுமாம்மா?" முகப்பில் இருந்தவர்கள் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார். பையன் போகவில்லை. அப்புறம் பல் மருத்துவம், மூக்குக் கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் இதே கதை. நிதி உதவிக்கு மனுப் போடலாம் என்றால் குடும்ப வருமானம் கேட்பார்கள். பெற்றோரின் சம்பளச் சீட்டு வேண்டும். பெரியம்மா தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தார். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாங்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினோம். உதவி கிடைத்தது, ஆனால் அதற்குள் இரண்டாம் தவணை முடியப் போகிறது.

பணக்கார வீட்டுப் பிள்ளையும் அத்தை வீட்டில் வளரலாம். அந்த வீட்டில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துப் பாதுகாவலர் ஆணை வாங்கிவிடுவார்கள். வாடகை வீட்டில் வளரும் பிள்ளைக்குத்தான் படிவத்தில் ஆள் இல்லாமல் போகிறது. பேத்தியின் பாடத்தில் சமூக நீதி என்று பெரிய தலைப்பில் வருவது எனக்கு இந்த இடத்தில்தான் புரிந்தது.

இப்போது சில மாற்றங்கள் வந்திருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள், இளையர் சட்டத்தை 2019இல் திருத்தி, பாதுகாப்புக்குரிய வயதை 18க்குக் கீழ் என்று உயர்த்தினார்கள். நீண்ட காலம் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு, அன்றாட முடிவுகளைப் பராமரிப்பவரே எடுக்கவும் நீதிமன்றம் வழி செய்ய முடிகிறது. பழைய 1939 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தத்தெடுப்புச் சட்டம் 2022இல் நிறைவேறி 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. 1956 முதல் நடக்கும் வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் முன்பின் தெரியாத பிள்ளைகளை வாங்கி வளர்க்கின்றன. அவர்களுக்கு என் கும்பிடு. இவை எல்லாம் நீதிமன்றத்தின் வழியாகவோ அமைச்சின் வழியாகவோ வந்த பிள்ளைகளுக்கு. அடியும் உதையும் இல்லாமல், புகாரும் போலீசும் இல்லாமல், "நீ இங்கேயே இருடா" என்று பெரியம்மா கூட்டிவந்து வைத்துக்கொண்ட பிள்ளை இந்தக் கணக்கில் வராது.

வருமான வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் தாயின் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பாட்டியோ தாத்தாவோ பார்த்துக்கொண்டால் 3,000 வெள்ளி கழிவு உண்டு. கழிவு மகளுக்கு; முதுகுவலி பாட்டிக்கு. சரி, குடும்பத்துக்குள் போவதுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் பார்த்துக்கொள்வது பெரியம்மாவோ அத்தையோ என்றால் அந்தக் கழிவும் கிடையாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளி, பலதுறை மருந்தகப் படிவங்களில் தந்தை, தாய், பாதுகாவலர் என்பவற்றுக்குக் கீழே, பிள்ளையை அன்றாடம் பார்த்துக்கொள்பவர் யார் என்று இன்னொரு வரி வேண்டும். பிள்ளை அந்த வீட்டில்தான் இருக்கிறது என்பதை வகுப்பாசிரியரோ குடும்பச் சேவை நிலையமோ உறுதிப்படுத்தினால் போதும், சில்லறை விஷயங்களுக்கு, அதாவது பள்ளிப் பயணம், பல், கண்ணாடி, பாடநூல் உதவி போன்றவற்றுக்கு, அவர் கையெழுத்து செல்ல வேண்டும். அறுவை சிகிச்சை, கடப்பிதழ், வெளிநாட்டுக்குக் குடியேறுவது, இதெல்லாம் பெற்றோரிடமும் நீதிமன்றத்திடமுமே இருக்கட்டும். பிள்ளையைக் கடத்திக்கொண்டு போகிறவன் மூக்குக் கண்ணாடிப் படிவத்தில் கையெழுத்துப் போட வரிசையில் நிற்க மாட்டான்.

நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் அக்காவைப் பார்த்துவிட்டு என் காதில் "இவங்க வளர்ப்புப் பொண்ணுதானே?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்பதில் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். எழுபது வயதைத் தாண்டிய ஒருத்தி, பேரன் பேத்தி எடுத்தவள், இன்னும் எத்தனை நாள்தான் வளர்ப்புப் பெண்ணாகவே இருப்பாள்? சீனர்களிடமிருந்து வருவது வேறு மாதிரி. ஈரச்சந்தையில் மீன்காரர் அவளிடம் மாண்டரினில் விலை சொல்வார். அவள் மலாயில் பேரம் பேசுவாள். போன ஆண்டு மருத்துவமனையில் அவளைச் சேர்த்தபோது, அடையாள அட்டையில் இனம் சீனர் என்று இருக்கவே, தாதி மாண்டரின் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துவந்துவிட்டார். அக்கா கட்டிலில் படுத்தபடியே என்னிடம், "இந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேளு" என்றாள். எனக்கு மாண்டரின் எங்கே தெரியும்?

கார்ஸ்டன் பிற்பாடு ஸ்காட்லாந்தில், தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து பெரியவர்களான பிறகு பெற்றவர்களைத் தேடிப் போனவர்களிடம் பேசி எழுதியிருக்கிறார். தேடிக் கண்டுபிடித்தவர்கள் பலருக்குப் பெற்ற தாயிடம் பெரிய ஒட்டுதல் வந்துவிடவில்லை. தங்கள் வாழ்க்கையின் தொடக்கம் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. பேத்தி இதைப் படித்துவிட்டு, மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா பாட்டி என்று கேட்டாள். சோங் பாங் கிராமம் இருந்த இடத்தில் இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் நிற்கின்றன. போய்க் கேட்க ஆள் இல்லை. அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டாள். பேத்தி விலையைச் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. நான் அவளை வற்புறுத்தப் போவதில்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் வீடுகளில் வளர்ந்த சீனப் பெண்களை, அவர்கள் நல்ல நினைவோடு இருக்கும்போதே உங்கள் செய்தியாளர்கள் தேடிப்பிடித்துப் பேச வேண்டும். அன்னையர் தினப் பக்கத்துக்கு ஏற்றதாக, நெகிழ்ச்சியாக மட்டும் எழுதிவிடாதீர்கள். யார் பள்ளிக்குப் போனார்கள், யார் போகவில்லை, சொத்துப் பிரிக்கும்போது என்ன நடந்தது, தத்தெடுப்புப் பத்திரம் இருந்ததா என்று எல்லாவற்றையும் கேளுங்கள். கூடவே, இன்று அக்காள் பிள்ளையை, தம்பி பிள்ளையை வைத்து வளர்க்கும் பெண்களிடமும் பேசுங்கள். செம்பவாங் தளத்தில் இருந்த பழைய குடும்பங்கள் பல பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோவிலுக்கு வரும், அங்கிருந்து தொடங்கலாம். அக்கா பேசச் சம்மதித்துவிட்டாள், காலையில் மட்டும் வரச் சொல்கிறாள். மதியம் அவளுக்கு நாடகம் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர்,
ஈசூன்